எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் என் அண்ணியை ஒட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குப் போஸ்டர். மூடிய இரும்புக் கதவுக்கு முன்னால், நீல மேலங்கியோடு, முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்து, கன்னமெல்லாம் கண்ணீராக நிற்கிறாள். கீழே சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு சொல்: நிறுத்து.

வீட்டில் குழாய் நாள் முழுக்கச் சொட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லக் கூச்சப்படுகிற மனுஷி அவள். அவள் படத்தைச் சுற்றி நின்று பெண்கள் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால், "என்னம்மா, போஸ்டர் வீட்டு ஆளா?" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. அண்ணி மட்டும் அந்தத் தெருமுனையைத் தொடாமல், சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் சலவை ஆலையில் வேலை. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் உறையும் துண்டும் எங்களிடம்தான் வரும். அழுக்கைப் பிரிக்க ஒரு கூட்டம், டிரம்மில் துவைக்க ஒரு கூட்டம், கிழிந்ததைத் தைக்க மூலையில் ஒரு மெஷினோடு தையலக்கா. நானும் அண்ணியும் உருளையில். லாரி அகலத்துக்கு இருக்கும் சூடான இரும்பு உருளை அது. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து வருவதை வாங்கி மடிக்க வேண்டும். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. அதனால் அங்கே வாய்க்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக ஓட்டு. முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கினால் நிறுத்து. முஷ்டியைப் பார்த்தால் சுவிட்ச்காரர் ஏன், எதற்கு என்று கேட்காமல் நிறுத்தியாக வேண்டும்.

வாய்க்கு வேலையில்லாத இடத்தில் எனக்கு எப்படி 'மைக்' என்று பெயர் வந்தது என்று கேட்பீர்கள். அது சாப்பாட்டு அறையில் வந்த பெயர்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை தானாக நின்றுவிடும். துணி சுருண்டு இடித்தாலும் நின்றுவிடும், அதுதான் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அதைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவைக்கச் சொன்னார். கட்டினார்கள். எங்களில் எல்லாருக்கும் இளையவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம், அவளுடைய வலது கை துணியோடு உள்ளே போனது. நாங்கள் மூன்று பேரும் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினோம். சுவிட்ச்காரர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தார். சின்னவளுக்கு இப்போது அந்தக் கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும்தான். பழியைச் சுவிட்ச்காரர் தலையில் போட்டு, அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். கம்பியைக் கட்டச் சொன்னவர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

வேலைநிறுத்தம் செய்வதா என்று சங்கத்தில் ஓட்டெடுத்தார்கள். சங்கத் தலைவி டிரம் அக்கா, துவைக்கிற பிரிவின் மூத்த கை. அவள், "சரிங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றதும் நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"என்னடி மைக்கு, சரணடையறியா?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க அண்ணிக்கு. அவங்களுக்குக் காய்ச்சல், படுத்திருக்காங்க. எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு!"

கூடம் அதிரச் சிரித்தார்கள். இரண்டையும் எண்ணிக்கொண்டார்கள். கதவருகே தையலக்கா நின்றிருந்தாள். அவளும் இன்னும் சிலரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், சங்கத்தில் உறுப்பினர் இல்லை, ஓட்டு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நாளையிலிருந்து வேலைக்கு வரக்கூடாது என்பதை மட்டும் யாரோ அவளுக்குச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நான் ஓட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ஸ்டிரைக் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான், வீட்டில் நாங்கள் இருவர்தான். இந்த வீட்டில் எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. ஜன்னல் திரையின் நிறத்திலிருந்து அண்ணி எந்தச் செருப்பு வாங்கலாம் என்பது வரை நான் சொல்வேன், அவள் "ம்" என்பாள். அந்த 'ம்' எனக்குச் சம்மதமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

முதுகு காட்டும் யோசனையும் என்னுடையதுதான்.

ஸ்டிரைக்கை மீறிக் கொஞ்சம் பேரைக் கம்பெனி வேனில் அழைத்துவந்தார்கள். முதல் நாள் எங்கள் ஆட்கள் கண்டபடி திட்டினார்கள், போலீஸ் வந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அன்று மாலை நான் எழுந்து சொன்னேன்: "திட்டினா கேஸு, கல்லெடுத்தா கேஸு. முதுகக் காட்டினா எந்தச் சட்டத்துல புடிப்பாங்க? உள்ள போறவங்க முகத்த நாம பாக்க வேண்டாம். அவங்க நமக்கு ஆளே இல்ல."

கை தட்டினார்கள். ஆதரவுக் குழுவிலிருந்து வருகிற பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இருந்தார். மூக்கு நுனியில் நிற்கிற கண்ணாடியால் அவருக்கு எங்களிடையே கண்ணாடி என்றே பெயர். டீக்கடைக்காரர் முதல் தெருவில் போகிற நாய் வரை எல்லாரும் அவருக்குத் தோழர்தான். ஆனால் மழையில் எங்களோடு நனைந்தவர், குறை சொல்ல முடியாது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இதுதான் தோழர், மௌனத்தோட அரசியல்" என்றார். எனக்கு அரை அடி உயரம் கூடியதுபோல் இருந்தது.

ஏற்பாடு இதுதான். வேன் வந்தால் நான் சீட்டி அடிப்பேன், வாசலின் இரண்டு பக்கமும் நிற்கிற எல்லாரும் திரும்பிக்கொள்வார்கள். உள்ளே போகிறவர்கள் போய்க் கதவு மூடியதும் மறுபடி சீட்டி. எல்லாரும் சரியாகத் திரும்பியிருக்கிறார்களா என்று பார்க்கிற பொறுப்பு என்னுடையது. அதனால் அந்த வாசலில் திரும்பாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் வேன் சாலையிலேயே நின்றுவிட்டது. கூட்டத்துக்குள் விட மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட, வந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். சீட்டி அடித்தேன். நீல முதுகுகள் வரிசையாகத் திரும்பின. நடந்தவர்களில் கடைசி ஆள் தையலக்கா. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அவள் உள்ளே போனதும் மோட்டார் கதவு நகரத் தொடங்கியது.

அப்போது டீக்கடைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். ஆலையின் நீல மேலங்கி போட்டிருந்தாள். வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதாக நான் நினைத்த என் அண்ணி.

முதுகுகளுக்கு நடுவே, யாரையும் தொடாமல், கதவை நோக்கி ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் பழைய சுவிட்ச்காரர் நிற்பதைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள். நிறுத்து. கதவை மூடாதே, நானும் வருகிறேன். இந்தத் தடவை அவர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கதவு நிற்கவில்லை. அவள் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. தூக்கிய முஷ்டியை இறக்காமலே அவள் சாலைப் பக்கம் திரும்பினாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியின் பத்திரிகையில் படம் எடுக்கிற பெண் காமிராவை முகத்திலிருந்து இறக்குவதைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் இரண்டாவது சீட்டியை அடித்துவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது, மூடிய கதவுக்கு முன்னால் முஷ்டியைத் தூக்கி அழுகிற ஒரு உருளைக்காரி.

சின்னவள்தான் முதலில் ஓடினாள். கட்டுப்போட்ட கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, அன்னைக்கு எனக்காகத் தூக்கினீங்களே, அதே மாதிரி..." என்று அவள் விம்ம, சுற்றி நின்ற அத்தனை பேரும் முஷ்டியைத் தூக்கினார்கள். நிறுத்து, நிறுத்து என்று கத்தினார்கள். அண்ணி அவர்கள் நடுவில் என்னைத் தேடினாள். நானும் கையைத் தூக்கியிருந்தேன்.

சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"எங்க போனீங்க?"

"வேலைக்கு."

"ஸ்டிரைக்குன்னு தெரியும்ல?"

"தெரியும். எனக்கும் சேத்து நீ கையத் தூக்கினேன்னு பால் பாக்கெட் வாங்கப் போன எடத்துல சொன்னாங்க. எல்லாரும் சொன்னாங்க. நீ சொல்லல."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"உங்கிட்டயா?"

அவள் துணியை மடித்தாள். உருளையில் மடிக்கிற மாதிரியே முனைக்கு முனை சரியாக.

"மேனேஜர் போன் பண்ணினார். இன்னைக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவோம்னார். ராத்திரியெல்லாம் தூங்கல. ஸ்டிரைக்கு தப்புன்னு நான் நெனைக்கல. சின்னவ கைய நானும்தான் பாத்தேன். ஆனா பயம் வந்துடுச்சு, ஓடிட்டேன். அவ என்னக் கட்டிப்புடிச்சு அழறா. அவகிட்ட மட்டுமாவது சொல்லிடறேன்."

"வாயத் தெறக்காதீங்க. தெறந்தா எல்லாம் கவுந்துடும். யாரும் பாக்கல. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அதான் எப்பவும் பாத்துக்கறியே" என்று சொல்லிவிட்டுத் துணியோடு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் போஸ்டர் வந்தது. எங்கள் ஆட்களே கண்ணாடிக்கு அதன் பொருளை விளக்கினார்கள்: இது ஏதோ கோஷத்துக்குத் தூக்கின கை இல்லை, உருளையை நிறுத்தத் தூக்குகிற கை, அன்றைக்கு யாரும் பார்க்காமல் போன கை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு படம் எங்களுக்குச் செய்ததை நூறு கூட்டம் செய்திருக்காது. எங்கெங்கோ சலவைக்காரிகள், நர்ஸுகள், ஓட்டல் பெண்கள் கையைத் தூக்கிப் படம் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிகள் கம்பெனிக்குக் கேள்வி எழுப்பின. போராட்டத்துக்கு அந்தப் படம் நல்லது செய்தது உண்மை. அந்த உண்மையைத்தான் நான் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அண்ணியை மேடை மேடையாக ஏற்றினோம். ஏற்றினோம் என்ன, ஏற்றினேன். முதல் மேடையில் அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, "ரெண்டே வார்த்தை" என்றேன். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அடுத்துப் பேசிய நான், குரல் இல்லாதவர்களின் குரலாக நாம் இருக்க வேண்டும் என்று முழங்கினேன். குரல் இல்லாதவள் எனக்கு இரண்டு அடி தள்ளி, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

காலையில் வாசலில் அவளை முன்வரிசையில் நிறுத்துவோம், படம் எடுக்கிறவர்களுக்காக. வேன் வரும், தையலக்கா இறங்குவாள், நான் சீட்டி அடிப்பேன். ஒருநாள் எல்லா முதுகும் திரும்பிய பிறகும் ஒன்று பாதியில் நின்றது. அண்ணி. தையலக்கா அவளைக் கடந்து போகும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் போய் அண்ணியின் தோளைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையை வரிசையில் நிறுத்துகிற மாதிரி, மீதிப் பாதியையும் திருப்பிவிட்டேன். அவள் திரும்பினாள். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

கடைசியில் ஜெயித்தோம். தடுப்புக் கம்பியை இறக்கிப் பூட்டுப்போட ஒத்துக்கொண்டார்கள், சின்னவளுக்கு உருளைப் பக்கம் போகாத வேலையும் நஷ்டஈடும் என்றார்கள். மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். கம்பெனி இன்னொன்றும் சொன்னது: ஸ்டிரைக்கில் உள்ளே வந்த ஒப்பந்தக்காரர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களை வேனில் ஏற்றி வந்ததும் இதே கம்பெனிதான்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம். சங்கம் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீளக் கூடம். மேடைக்குப் பின்னால் அண்ணியின் போஸ்டர், அதன் கீழே நாற்காலியில் அண்ணி. கண்ணாடி வந்திருந்தார். சின்னவள் முதல் வரிசையில். உள்ளே போனவர்களில் மற்றவர்கள் இந்தப் பக்கமே வரவில்லை, தையலக்கா மட்டும் வந்திருந்தாள். ஓட்டு இல்லாதவள், கடைசியில் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, முழங்காலில் பையை வைத்திருந்தாள்.

"நாப்பது வருஷமா நான் தையல் மெஷின்லதான் இருக்கேன்" என்று அவள் எழுந்து சொல்ல ஆரம்பித்ததும் வரிசைகள் திரும்பிக்கொண்டன. நான் சீட்டி அடிக்கவே இல்லை. தானாகவே நடந்தது. அவள் முதுகுகளைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

டிரம் அக்கா தொண்டையைச் செருமினாள். "உள்ள போனவங்க நம்மகூட வேலை செய்யக்கூடாதுங்கிறவங்க கையத் தூக்குங்க."

சின்னவளின் கைதான் முதலில் எழுந்தது, இரண்டு விரல் கை. அதைப் பார்த்த பிறகு யார் தூக்காமல் இருப்பார்கள்? கூடம் முழுக்கக் கை. நானும் தூக்கினேன். பக்கத்திலிருந்தவள் என் விலாவில் இடித்து, "இன்னொண்ணு எங்கடி? அண்ணி ஓட்டு?" என்று சிரித்தாள். பின்னாலிருந்தும் சிரித்தார்கள். நான் மற்ற கையையும் தூக்கப் போனேன். அது பாதி உயர்ந்திருக்கும்.

"என் ஓட்ட நானே போட்டுக்கறேன்" என்றாள் அண்ணி.

நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள். மைக் இல்லை, ஆனால் கேட்டது.

"நானும் உள்ள போகத்தான் ஓடினேன். அந்தக் கை, கதவ நிறுத்தச் சொல்லித் தூக்கின கை. எனக்கு முன்னாடி போனது தையலக்கா. கதவு இன்னும் கொஞ்சம் மெதுவா மூடியிருந்தா நானும் உள்ளதான். அவங்க வெளிய போகணும்னா நானும் போகணும்."

முதலில் ஒருவர் கைதட்டினார். கண்ணாடி. எழுந்து நின்று, குரல் தழுதழுக்க, "பாத்தீங்களா தோழர்களே! அடுத்தவங்க குத்தத்தத் தன் மேல ஏத்துக்கற மனசு! இது எத்தனை பேருக்கு வரும்?" என்றார். அப்பாடா என்பது போல எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள். சின்னவள் அழுதுகொண்டே தட்டினாள். "அவங்க அப்படித்தான், யாரையும் விட்டுக்குடுக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணி திகைத்துப் போனாள். "இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். அவள் சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடியது. உள்ளே போகப் பார்த்தவள் என்று அவளே சொல்லியும் ஒருத்தரும் நம்பத் தயாராக இல்லை. பின்னால் போஸ்டரில் அவள் வாய் திறந்தபடி இருந்தது.

டிரம் அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கினாள். "மைக்கு, நீதான அன்னைக்குத் திரும்பாம நின்னவ. நீ என்ன பாத்த?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி பார்த்தாள். என் வலது கை இன்னும் தலைக்கு மேலே இருந்தது. அதை இறக்க மறந்திருந்தேன்.

சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். "அவங்க குணம் உங்களுக்குத் தெரியாதா" என்று சிரித்தால் போதும், போஸ்டர் சுவரில் இருக்கும், அண்ணி மேடையில் இருப்பாள், நான் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். தையலக்கா படியிறங்கிப் போவாள். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் என்பதுதான் கேவலம். சிரிப்புகூட முகத்துக்கு வந்துவிட்டது. அண்ணி அதைப் பார்த்தாள். கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது இருந்த அதே முகம். இவள் இவ்வளவுதான் என்று என்றைக்கோ தெரிந்துகொண்டு, கோபப்படக்கூடத் தோன்றாத முகம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நெசந்தான்" என்றேன். குரல் எழும்பவில்லை. மைக்குக்குக் குரல் போன ஒரே நாள்.

"என்ன சொன்ன?"

"அவங்க சொல்றது நெசந்தான். உள்ள போகத்தான் ஓடினாங்க. நான் பாத்தேன். அன்னைக்கே தெரியும். சொல்லாதீங்கன்னு வாய அடைச்சதும் நான்தான். மொத ஓட்டையும் அவங்களக் கேக்காமத்தான் போட்டேன்."

கைதட்டிய கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கின. சின்னவள் தன் கையை மடியில் வைத்து, மற்ற கையால் மூடிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

டிரம் அக்கா மேசை மேல் இருந்த தன் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஓட்டு இல்ல. யாரையும் வெளிய அனுப்பல. தையல்காரம்மா நாளைக்கு வேலைக்கு வரட்டும், எல்லாரும் வரட்டும்." பிறகு என் பக்கம் நிமிர்ந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளைப் பார்த்து முதல் வரிசையும் திரும்பியது. சின்னவள் திரும்பினாள். என் விலாவில் இடித்தவள் நாற்காலியோடு நகர்ந்து திரும்பினாள். ஒழுங்காகத்தான் திரும்பினார்கள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, தோளோடு தோள், சத்தமில்லாமல். பார்த்துத் திருத்துகிற இடத்தில் இத்தனை நாள் நின்றிருக்கிறேன், ஆனால் ஒரு முதுகுகூட எனக்கு எதிராகத் திரும்பியதில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணி மேடையிலிருந்து இறங்கி, முதுகுகளின் ஓரமாக நடந்து, கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை? பிறகு நானும் அதே ஓரமாக நடந்தேன். அந்த நீளக் கூடம் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. தையலக்கா தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு இப்படித்தான் நடந்திருக்கிறாள், நான் சீட்டி அடித்துக்கொண்டிருக்க.

பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றும் தையலக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. உட்காரட்டுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தையலக்கா பையை எடுத்து மறுபக்கம் வைத்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு" என்றாள். "மொத நாள்தான் கஷ்டமா இருக்கும்."